இரண்டாவது தாள்

மேலிடத்திலிருந்து வந்த தாள்
ப்ரோக்கோலியைத் தவிர்க்கச் சொன்னது.
குளச்சல் சந்தையில் தவிர்ப்பதற்குக்கூட அது கிடைக்காது.
அடித்துவிட்டு மரச்சீனி என்று எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாய்:
சிறிதாய் நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து வடி,
மறுபடி அவித்து வடி.

"அது எப்பவும் ஊத்திக் களையதுதானே"
என்றாள் லூர்தம்மை.
பொட்டாசியம் என்ற சொல்லை
அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

கொடிமுனை சூசைமிக்கேலுக்கு
அன்று கிரியாட்டினின் நாலரை.
கிராம் கணக்கு கரை சேரவில்லை.
தீப்பெட்டி அளவு ஒரு துண்டு,
மத்தியானம் மட்டும், என்றேன்.
பையிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதர்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நெய்மீனுக்கும் இதே பெட்டிதானா?"

இளநீர் இல்லை. கருவாடு இல்லை.
சக்கைக் காலத்தில் சக்கை இல்லை.
மட்டிப்பழம் ஒன்று, அதுவும் கேட்டுவிட்டு.
இரண்டு வருடம்
அவர் சொன்னபடி இருந்தார் என்று
ரத்தம் எனக்கு மாதாமாதம் சொன்னது.
ஈஸ்டருக்கு மீறியதையும் சொன்னது.

பிறகு ஆசாரிப்பள்ளத்தில் டயாலிசிஸ்,
வாரம் மூன்று முறை.
அழுக்கை எடுக்கும் இயந்திரம்
ஆளின் புரதத்திலும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும்.
புதுத் தாள் எடுத்தேன்.
மீன் தினமும், இரண்டு வேளை.
முட்டையில் வெள்ளை மட்டும், இரண்டு.

"வேளைக்கு எத்தனை பெட்டி?" என்றார் அவர்.
லூர்தம்மை
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
எனக்கு முதலில் புரியவில்லை.
"எல்லாம் திங்கக் குடுங்கன்னு சொன்னா
கைய விரிச்சாச்சுன்னுதானே பிள்ளே அர்த்தம்.
எங்க அப்பனுக்கும் இப்படித்தான் சொன்னாவ."

வழிகாட்டு நெறிகள் நூறு பக்கத்துக்கு மேல்.
இதற்கு ஒரு வரி இல்லை.
அன்று சிறுநீரகம் தளர்ந்திருந்தது, சுமை குறைத்தோம்;
இன்று சுமையை மிஷின் இழுக்கிறது, உடம்புக்குத் தெம்பு வேண்டும்
என்று மூன்று விதமாய்ச் சொன்னேன்.
மூன்றும் அவளுக்கு முன்னால் மேசையிலேயே கிடந்தன.
அவர்தான் திரும்பிச் சொன்னார்:
"வள்ளத்துக்கு வெளிய எஞ்சின் மாட்டியிருக்கு ட்டி.
மண்ணெண்ண கூடத்தான் குடிக்கும்."

முந்தானை இறங்கியது.
"தேங்கா அரைக்கலாமா?"
கொஞ்சம்.
"உப்பு?"
அதற்குப் பழைய தாள்தான்.
"குழம்பு?"
அதுவும் தண்ணீர்தான் அம்மா,
முக்கால் லிட்டரில் அதையும் சேர்க்க வேண்டும்.
அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள்.
டோக்கன் நாற்பத்தொன்று கதவைத் தட்டினார்.

அடுத்த மாதம் அல்புமின் ஏறியிருந்தது.
பாஸ்பரசும் ஏறியிருந்தது.
என்ன மீன், என்றேன்.
நெத்தோலி, என்றார், முகமெல்லாம் சிரிப்பாய்,
நல்லா மொறுமொறுன்னு,
முள்ளோட.

தாளில் இடமில்லை.
ஓரத்தில் திருப்பி வைத்து எழுதினேன்:
முள் வேண்டாம்.