ஏழாவது பெட்டி

லூத்தரன் தேவாலயத்து நிலவறை விற்பனையில்
ஒன்பது சரக்குப் பெட்டிகள், ஆறு டாலர்.
ஒரு சாண் நீளம்கூட இல்லை எதுவும்.
ஒன்பதும் ஒரே பச்சை,
ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடித்து மிஞ்சியது போன்ற
தடித்த, சலித்த பச்சை.
யாருடையவை என்று கேட்டேன்.
காசை எண்ணியபடி உதட்டைப் பிதுக்கினாள் டோர்டிஸ் ஸ்கோக்.
இறந்தவர் வீட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டி, அவ்வளவுதான்.

முதல் பெட்டியைக் கெடுத்தவள் நான்தான்.
பிரேக் ஆயிலில் போடு என்று அடித்துச் சொன்னான் தம்பி வெண்டெல்.
லாரி ஓட்டுகிறவன்,
எதற்கும் அவனுக்கு பிரேக் ஆயில்தான்.
இரண்டு நாள் கழித்துத் திறந்தால்
பச்சை போயிருந்தது.
கூரையும்
நமுத்த பிஸ்கட்டாக விரலுக்கு இணங்கியது.

அதன்பிறகு ஆல்கஹால், தொண்ணூற்றொரு சதவீதம்,
மருந்துக்கடையில் இரண்டு புட்டி.
வெள்ளரி ஊறுகாய் ஜாடியைக் கழுவினேன்,
கழுவியும் சதகுப்பை மணம் போகவில்லை.
பெட்டியை மூழ்கவிட்டு மூடியைத் திருகினேன்.
சன்னலுக்கு வெளியே ஏரி
தன் மூடியைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது.

முப்பத்தொரு வருடமாகப் பிறர் வாய்க்குள் எனக்கு வேலை.
டுலூத் நகரத்துப் பாதிப் பற்களின் காறையை
சுரண்டி எடுத்தவள்.
இருவேளையும் தேய்க்கிறேன் என்பார்கள்,
ஈறு வேறு சொல்லும்.
காப்பியா, புகையிலையா,
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரா,
எந்தக் கையால் தேய்க்கிறவர்,
கேட்பதே இல்லை.

இங்கும் அதே கொக்கி,
மழுங்கியதென்று கிளினிக் கழித்துவிட்டது.
பற்பசைக் கம்பெனிக்காரன் இலவசமாகத் தந்த பிரஷ்.
கதவுக் கீல், ஏணிப்படி,
கடுகைவிடச் சிறிய ஆணித்தலைகள்,
இடுக்கு இடுக்காக.
பச்சை முதலில் சுருங்கும்,
பிறகு பாலாடைபோல் மடிந்து வரும்.
அடியில் ஒன்றுக்குச் செம்மண் நிறம், ஒன்றுக்கு மஞ்சள்,
ஒன்று வெள்ளி.
தொழிற்சாலை அடித்த எழுத்துகள் ஒரு கீறலில்லாமல்.
மறைக்க அதில் ஒன்றுமே இல்லை.

இடதுகைக்காரர்.
தூரிகைக் கோடுகள்
வலது கீழிலிருந்து இடது மேலுக்கு ஏறுகின்றன.
முதல் பூச்சு காயுமுன் இரண்டாவது,
ஆகவே பொறுமை இல்லாதவர்,
அல்லது நேரம் இல்லாதவர்.
பெயிண்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.
மூன்றாம் பெட்டியில் ஒரு பூனைமுடி.
ஐந்தாவதில், கூரை ஓரத்தில், பெருவிரல் ரேகை.
அதையும் தேய்த்துவிட்டேன்.
ரேகை என்று உறைக்குமுன் கை வேலையை முடித்திருந்தது.

ஏழாவதைப் பார்க்காமலே ஜாடியில் போட்டேன்,
ஞாயிறு இரவு, வானொலியில் ஹாக்கி.
காலையில் பார்க்கிறேன்,
திரவத்தின் மேலே மூன்று வெள்ளை எழுத்துகள் மிதக்கின்றன.
எஸ். ஏ. எல்.
கையால் எழுதியவை, மயிரிழைத் தூரிகையால்.
பெட்டியின் பக்கவாட்டில்
நான்காவது எழுத்துக்குப் பென்சில் கோடு மட்டும்.

அப்போதுதான் பச்சை எனக்கு விளங்கியது.
ஒன்பது கம்பெனிகளை வாங்கி
ஒரு கம்பெனி ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.
பெயர் எழுதத் தொடங்கியது ஏழாவதில்.
ஏன் ஏழாவது?
சால்மியா, சால்வேஜா,
சாலி என்று ஒருத்தியா?

தேநீர் வடிகட்டியால் அள்ளப் பார்த்தேன்.
ஏ உடைந்தது. எஸ் சுருண்டு
தன்னையே விழுங்கிக்கொண்டது.
எல் மட்டும் காகிதத் துவாலையில் ஒட்டிக் காய்ந்தது.
ஒரு எல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வெண்டெல் தொலைபேசியில் கேட்டான்,
எல்லாவற்றையும் உரித்துவிட்டு என்ன நிறம் அடிப்பாய்?
யோசித்தே பார்த்ததில்லை.
என்னிடம் தண்டவாளமே கிடையாது, வெண்டெல்.
சுத்தம் செய்யப் பிடிக்கும், அவ்வளவுதான்.
அவன் சிரித்தான்.
எட்டாவதும் ஒன்பதாவதும் சன்னல் விளிம்பில் பச்சையாக நின்றன.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
படிவத்தில் கையெழுத்திடும் ஒவ்வொரு கையையும் பார்த்தேன்.
இடதுகைக்காரர்கள் இருவர்.
இருவரும் உயிரோடு இருந்தார்கள்,
ஒருவருக்குக் கடைவாயில் சொத்தை.
பெரிதாகத் திறங்கள், என்றேன்.
இன்னும்.