கூடு விட்டுக் கூடு

பூட்டுகிற பொத்தான்
போன குளிர்காலமே கிழிந்துவிட்டது.
கறுப்பு டேப் ஒட்டினேன். பசை கையுறையில் வந்தது.
பிறகு பேனா முனையால் குத்திக் குத்தி,
ஷௌலேய் நகரத்தின் எல்லாக் கடை வாசல்களிலும்
தவிடு பொறுக்கும் கோழி மாதிரி
என் காரைப் பூட்டினேன்.

அந்தக் குழி நான் போட்டதில்லை.
வாங்கும்போதே பாதி விழுந்திருந்தது.
ஜெர்மனியில் யாரோ ஒருவர்
லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்,
பூட்டினோமா என்று திரும்பி வந்து
இன்னொரு தரம் அழுத்தியிருக்கிறார்.
பயந்த சுபாவம்.
அந்தப் பயத்துக்குள் என் கட்டைவிரல்
அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

புதுக் கூடு நாலு யூரோ.
ஞாயிறு மாலை, சமையலறை மேஜை.
எதிரே வைடோடஸ் பீட்ரூட் தோலுரிக்கிறான்.
இறைச்சி தட்டும் சுத்தியலும் ஓர் ஆணியும் வைத்து
சாவி அலகைப் பிடித்திருந்த பின்னைத் தட்டினேன்.
அது ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடியது.
சிவந்த கையோடு அவன் தரையில் படுத்து
அடிக்கோலால் துழாவி எடுத்துத் தந்தான்.
பச்சைப் பலகையை நகத்தால் நெம்பி
புதிய கூட்டில் வைத்தேன்.
டக்.
அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கர்வம் இருந்தது, என்னுடையது.

நாலாவது மாடி ஜன்னலிலிருந்து அழுத்தினேன்.
கீழே, பனிக்குள், இரண்டு முறை கண்ணடித்தது கார்.
வைடோடஸ் கரண்டியால் சட்டியைத் தட்டினான்.

இரவு ஒன்பதரை. பால் பண்ணையில் பத்து மணி ஷிஃப்ட்.
மைனஸ் பதினொன்று.
கதவு திறந்தது. சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் இரண்டு மூச்சு விட்டது,
நின்றது.
மறுபடி. மறுபடியும் இரண்டே மூச்சு.
முன்பலகையில் சிவப்பாக ஒரு குட்டிச் சாவி
மின்னி மின்னிக் கேட்டது: நீ யார்?

பனேவேஜிஸில் உதிரிபாகக் கடையில் இருக்கும்
நாத்தனார் யோலித்தாவை அழைத்தேன்.
வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னாள்:
"பழைய கூட்டின் பக்கச் சுவரைப் பார்த்தாயா?
கோதுமை மணி அளவில், கறுப்பாக.
எஞ்சின் அதைத்தான் கேட்கும்.
நீ மாற்றியதெல்லாம் கதவுக்கு."

வாழ்நாளில் முதல் தடவையாக
சொல்லாமலே குப்பையைக் கீழே கொண்டுபோயிருந்தான்
என் கணவன்.

நாயை நடத்த வந்த ஜெனோனஸ்
ஒன்றும் கேட்காமல் போன் வெளிச்சம் பிடித்தார்.
தொட்டிக்குள் இடுப்பு வரை நான்.
பிரிக்காத ஒரு கடிதம்.
யாருடையதோ பிறந்தநாள் கேக், பாதி, மெழுகுவத்தியோடு.
மூன்றாம் மாடிக்காரர் இவ்வளவு குடிப்பாரா?
ஜெனோனஸ் வெளிச்சத்தை நாகரிகமாகத் திருப்பினார்.
ஹெர்ரிங் மீன் சுற்றிய தாளுக்கடியில்
பீட்ரூட் தோல். எங்களுடையது.
அதில் ஊறி,
பிடுங்கிய கடைவாய்ப்பல் போலச் சிவந்து
கிடந்தது பழைய கூடு.

பானெட்டின் மேல் வைத்து கத்தியால் பிளந்தேன்.
விரல் மரத்திருந்தது. சில்லு வந்துவிட்டது,
வைக்க இடமில்லை. கீழே முழுக்கப் பனி.
உதட்டில் கவ்விக்கொண்டு
புதுக் கூட்டைத் திறந்தேன்.
மண்வாசம், மீன்,
முன்பின் தெரியாத ஒருவருடைய
பல வருஷத்து பிளாஸ்டிக்.
"முழுங்கிடாதே" என்றார் ஜெனோனஸ்.
அன்றிரவு அவர் பேசியது அவ்வளவுதான்.

கார் ஒரே திருப்பில் கிளம்பியது.
நாய் புகையைப் பார்த்துத் தும்மியது.

இருபது நிமிஷம் தாமதம்.
பண்ணை வாசலில் நிறுத்தி அழுத்தினேன்.
புதுப் பொத்தான் கல் மாதிரி, விரலுக்கு வழிவிடவில்லை.
விளக்கு மின்னியது, பார்த்தேன்.
பத்தடி நடந்தேன்.
திரும்பி வந்து
இன்னொரு தரம் அழுத்தினேன்.