ஏழு பன்னிரண்டு

கடலூர் முதுநகர். விடிய இன்னும் ஒரு டீ தூரம்.
ஐஸ் பெட்டி மூடிமேல் நோட்டை விரித்து எழுதுகிறேன்:
ஏழு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு சீலா.

பன்னிரண்டு பெருக்கப்படும் எண்,
ஏழு பெருக்கும் எண்,
எண்பத்து நான்கு பெருக்கற்பலன்.
இந்தப் பாடம் நடந்த அன்று
வகுப்பைப் பெருக்கும் முறை எனக்கு.
துடைப்பத்தோடு கதவோரம் நின்று கேட்டேன்.
பெருக்குவது யார், பெருக்கப்படுவது யார்
என்ற குழப்பம்
இன்றைக்கும் முழுசாய்த் தீரவில்லை.

இடம் மாற்றினாலும் விடை மாறாதாம்,
பரிமாற்றுப் பண்பு.
மலர்க்கொடியிடம் சொல்லிப் பாருங்கள்.
"பன்னெண்டு பெட்டியாப் போடுக்கா,
பெட்டிக்கு ஏழு.
நடைக்குத்தானே கூலி."
அவள் முழங்காலுக்கும் அதுவே வசதி.
விடை மட்டும்தான் மாறவில்லை.

சேர்ப்புப் பண்பைத் தாண்டிப் போகிறேன்;
எவர் எவரோடு முதலில் சேர்ந்தாலும் ஒன்றென்று
சோனாங்குப்பத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.

பங்கீட்டுப் பண்புக்குத்தான்
இங்கே எல்லோருக்கும் காது நீளும்.
அடைப்புக்குறிக்குள்ளே டீசலும் ஆளும்.
வெளியே நிற்கும் எண்
உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்க வேண்டும்.
படகுக்காரர் திருக்காமு
முதல் உறுப்போடு நிறுத்திவிட்டு
பைக்கை உதைக்கிறார்.
நான் இப்படிச் செய்த பரீட்சையில்
சிவப்பு மையில் ஒரு சுழி வாங்கினேன்.

ஒன்றால் பெருக்கினால் அதே எண்:
ஒற்றைக் கட்டுமரத்து அஞ்சாப்புலி
நேற்று எப்படியோ இன்றும் அப்படியே.

பூச்சியம் சித்திரையில் வரும்.
அறுபத்தோரு நாள் தடை.
எத்தனை விசைப்படகு இருந்தாலும்
பெருக்கிய இடமெல்லாம் பூச்சியம்,
ஐஸ் பூச்சியம், நடை பூச்சியம்.
டீக்கடைக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.
அதைப் பெருக்கலில் எழுதவில்லை,
கூட்டலில் எழுதியிருக்கிறது.

ஏலத்துக்கு முன் மறுபடி எண்ணினேன்.
எண்பத்து மூன்று.
இன்னொரு தடவை. எண்பத்து மூன்று.
பொல்லாத எண் அது.
ஒன்றையும் தன்னையும் விட்டால் காரணி கிடையாது,
எத்தனை பெட்டியில் போட்டாலும்
சமமாய் அடுக்க விடாது.

மலர்க்கொடியின் கூடைமேல் ஈரச்சாக்கு.
சாக்குக்கு வெளியே ஒரு வால் நுனி.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
உப்பனாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு, பெருக்கல் குறி, பன்னிரண்டு.
எண்பத்து நான்கு என்றே இருக்கட்டும்.
நோட்டை மூடினேன்.

வெயில் ஏறியதும் கூடமெல்லாம் செதில்.
அவள் துடைப்பத்தை எடுக்க வந்தபோது
அது என் கையில் இருந்தது.
"நீ போ," என்றேன்.