முன்னமே குறியிட்ட கட்டம்

ஃப்ரெஸ்னோவில் ஆகஸ்ட் பிறந்தால்
பாதாம் மரங்களை இயந்திரம் இடுப்பில் பிடித்து உலுக்கும்.
காய் உதிரும், மண் எழும்.
மூன்றாம் நாள்
குழந்தைகள் வார்டில் கட்டில் கிடைக்காது.

நான் ஹஸ்மிக் டெர்ஸியான்,
அடித்தளத்தில் மருந்து அளப்பவள்.
பிள்ளைகளின் முகம் அறியேன், எடை அறிவேன்:
பதினாறு கிலோ, பதினொன்றரை, இருபத்திரண்டு.

அப்போதெல்லாம் சீட்டு குழாய் வழியே வரும்.
காற்றுக்குத் தவிக்கும் பிள்ளையின் சீட்டைக்
காற்றுதான் தள்ளிக்கொண்டு வந்து
என் மேசையில் துப்பும்.
டாக்டர் ஹால்வர்சனின் எழுத்தில்
மில்லியும் கிராமும் ஒரே புழு.
டாக்டர் கிசாடா ஸ்டீராய்டுக்கு "விடியட்டும்" என்பார்.
ஒருவர் வந்தவர்க்கெல்லாம் எக்ஸ்ரே,
ஒருவர் எதற்கும் இருக்கட்டுமென்று ஆன்டிபயாடிக்.
அதே இளைப்பு, அதே விசில் சத்தம்,
நான்காம் கட்டிலுக்கு ஒரு நியாயம்
ஐந்தாம் கட்டிலுக்கு வேறு.
மருந்துக்குக்கூட ஒற்றுமை கிடையாது.
கையெழுத்தே அங்கே தலையெழுத்து.

பிறகு கணினி வந்தது,
அதோடு கமிட்டியும்.
ஏழு மாதம், செவ்வாய்தோறும், ஆறிய சாண்ட்விச்சோடு
ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டோம்:
முதல் மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு.
டிக் முன்னமே இருக்கட்டுமா, டாக்டர் போடட்டுமா?

"வைத்தியமா, சமையல் குறிப்பா?"
ஹால்வர்சன் மேசையைத் தட்டினார்.
சுவாச சிகிச்சையாளர் மாய் நூ ஸியோங்
பதில் சொல்லவில்லை.
சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து வாசித்தாள்,
வாசலுக்கு வந்ததிலிருந்து முதல் வேளை மருந்து வரை:
நாற்பது நிமிடம்.
மூன்று மணி.
ஐம்பத்தைந்து நிமிடம்.
ஆறு மணி பத்து நிமிடம்.

அந்த ஆறு மணி பத்து நிமிடம் யார் கணக்கு
என்று அவள் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
ஹால்வர்சன் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
டிக் முன்னமே இருப்பதென்று முடிவானது.
வேண்டாமென்றால் அழிக்கலாம்,
ஆனால் ஏனென்று எழுத வேண்டும்.
எக்ஸ்ரேக்கு எதிரே வெறும் கட்டம் விட்டோம்.

நேற்று இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
மெண்டோட்டாவிலிருந்து எலிசியோ, ஏழு வயது.
விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்க
ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.
பணிக்கு வந்து மூன்றே வாரமான டாக்டர் ஒபியாகுவுக்குக்
கை நடுங்கியதாம்.
நடுங்கிய கையும் சொடுக்கலாம்.
என் திரையில் விழுந்தது அச்சுச் சுத்தமாக:
இருபத்திரண்டு கிலோ,
பதின்மூன்று புள்ளி இரண்டு மில்லிகிராம்.
பன்னிரண்டு இருபதுக்கு மருந்து அவன் வாயில்.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு மாய் நூவின் சட்டையில்.

துப்பியதற்குத் திரையில் கட்டம் இல்லை.
அவள் போன் செய்தாள்:
"ஹஸ்மிக், இன்னொன்று. கொஞ்சம் செர்ரி சிரப் கலந்து கொடு."
நானே படியேறிக் கொண்டுபோனேன்.
பதினான்கு வருடத்தில் முதல்முறை
எடைக்கு ஒரு முகம் இருந்தது.
ஒட்டிய முன்மயிர், ஒரு பல் இல்லை.

மணிக்கொரு மதிப்பெண் கேட்டது கணினி.
எட்டு, ஏழு, ஏழு, ஐந்து.
விடியற்காலை மூன்று.

வீட்டுக்குப் போகும் தாளையும் அதுவே அச்சடிக்கும்:
பச்சை, மஞ்சள், சிவப்பு, எல்லாம் ஸ்பானிஷில்.
அடியில் "மற்றவை" என்று ஒரு வரி.
மாய் நூ அதில் எழுதினாள்:
*அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட், மாலை நான்குக்குள் அழைக்கவும்.
படுக்கையறை சன்னலுக்கு எதிரே தோட்டம். பூட்டி வைக்கச் சொன்னேன்.
ஏசி இல்லை என்*
அதோடு இடம் தீர்ந்துவிட்டது.

காலை ஏழுக்கு வண்டி நிறுத்தத்தில்
தொண்ணூறு டிகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தது வெயில்.
துடைப்பானைப் போட்டேன்,
கண்ணாடியில் பழுப்பாய் ஒரு விசிறி விரிந்தது.
மேற்கே அடுத்த வரிசையில் வேலை தொடங்கியிருந்தார்கள்.
பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டு டப்பா.
மிச்சமிருந்தது
வறுத்த பாதாம், ஒரு கைப்பிடி.