அரை லிட்டர்

எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்.
குலசேகரத்தில் அது ஓட்டின் மேல் விழும்,
ரப்பர் சிரட்டைக்குள் விழுந்து பாலைக் கெடுக்கும்,
யாரும் கேட்காமலே.

அம்மைக்கு மட்டும் நாளுக்கு அரை லிட்டர்.
மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான்.
ஹார்லிக்ஸ் குப்பியில் பிளாஸ்திரி ஒட்டி
அவளே கோடு போட்டிருந்தாள்.
மிச்சம் பிடித்தால் சாயந்திரம்
இரண்டு மிடறு கட்டன்சாயா.
ஒருநாள் ஐஸ்கட்டி ஒன்றைத் திருட்டுத்தனமாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.
பார்த்தேன். பார்க்கவில்லை என்று
இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

செவ்வாயும் வெள்ளியும் ஆசாரிபள்ளம்.
ஐந்தரை பஸ், ஜன்னலோரம் அவளுக்கு.
தக்கலை வரைக்கும் யாரையாவது திட்டிக்கொண்டு வருவாள்,
பெரும்பாலும் என்னை.
"வயலட்பாய்" என்று நர்ஸ் கூப்பிட்டதும்
பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எழுந்து போவாள்.
திரும்புகையில் பேச மாட்டாள்.
பதினொரு வருஷம்.

ஊசி போடுவதற்காக
இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைத் தைத்துச் சேர்த்திருந்தார்கள்.
அந்த இடத்தில் ஓர் இரைச்சல் உண்டு.
கரண்ட் போன ராத்திரிகளில் காது வைப்பேன்.
மதகு திறந்த சானல்.
"ஓடுதா மக்களே?"
"ஓடுது."
"பின்ன ஒறங்கு."

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி
காது வைத்தேன்.
கையை மாற்றிவிட்டேனோ என்று
வலதிலும் வைத்துப் பார்த்தேன்.
வெளியே மழைதான் கேட்டது.

உதடு நனைக்கப் பெரியம்மை பஞ்சு கொண்டுவந்தாள்.
குப்பியை எடுத்தேன்.
அன்றைய கணக்கில்
பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

விடிந்தால் வெள்ளி.
பஸ் எங்கள் முக்கில் நின்று
இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு,
கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனது.