ஆணி அடிக்கக் கூடாது

கெல்சோ ஏலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்.
கை தூக்கியவர்கள் இரண்டே பேர்,
அதில் ஒருவர் மூக்கைச் சொறிந்தவர்.
நூற்று நாற்பது பவுண்டுக்கு
ஏழடி மூன்றங்குல நேரம்
எங்களுடையதாயிற்று.

ஹாயிக்கில் எங்கள் வாடகை வீட்டுக் கூரை
ஏழடி ஓரங்குலம்.
உச்சியில் இருந்த பித்தளைக் குமிழைக் கழற்றி
சமையலறை ஜன்னலில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தோம்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கால் மணிக்கு ஒருமுறை
எட்டு மணிகளும் படியிறங்கி வரும்.
அதற்கும் முன்னால் உள்ளே ஒரு பல்
இன்னொரு பல்லை விட்டு நழுவும் சத்தம்,
பேச எழுந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல.
அந்தச் செருமலுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.
லாக்லன் கொடுத்தது நிலாவுக்கு:
முகப்பின் மேல் வளைவில்
யாரோ தீட்டிவைத்த கன்னம் சிவந்த நிலா,
பல்வலியோடு விருந்துக்கு வந்தவளைப்போல.

ஞாயிறு இரவு சாவி கொடுப்போம்.
மூன்று ஈயக் குண்டுகளும் முனகிக்கொண்டே மேலேறும்.
திங்கள், செவ்வாய், புதன்,
பிசகாமல் ஓடும்.
வியாழன் பிற்பகல்
நின்றுவிடும்.

முதல் வாரம் எண்ணெய் என்றோம்.
இரண்டாம் வாரம் தூசி.
மூன்றாம் வாரம், நீதான் இடித்திருப்பாய் என்றோம்
ஒருவரையொருவர்.

பழுது பார்க்க வந்த ஐன்ஸ்லி
எதையும் கழற்றவில்லை.
கதவைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"குண்டுகள் இறங்கி இறங்கி
வியாழனன்று ஊசலுக்குச் சமமாக வந்து நிற்கின்றன.
அது ஆடுவதைப் பார்த்து இவையும் ஆடத் தொடங்குகின்றன.
பெட்டியே அசைகிறது.
ஊசலுக்கு வேண்டிய ஆட்டத்தை இவை தின்றுவிடுகின்றன.
நோய் ஒன்றுமில்லை.
முதுகைச் சுவரோடு சேர்த்து
ஒரு திருகாணி போடுங்கள்."

வாடகை ஒப்பந்தம், பதினொன்றாம் பிரிவு:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தோம்.
சோபாவை முட்டுக் கொடுத்துப் பார்த்தோம்.
கடைசியில் முதுகுதான்.
வியாழன்தோறும் முறைவைத்து
கடிகாரத்தின்மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்தோம்,
சுவரோடு அதை அழுத்திக்கொண்டு.
நான் பட்டாணி உரித்தேன்.
அவன் மின்கட்டணக் கணக்கோடு சண்டை போட்டான்.
மணிகள் காதுக்கு வருமுன்
தோள்பட்டைக்கு வந்தன.
நாங்கள் பேசிக்கொள்ளாத ஒரு வாரம் இருந்தது, பிப்ரவரியில்.
அந்த வாரமும் முறை தவறவில்லை.

திருமதி டர்ன்புல் கொதிகலனைப் பார்க்க வந்தது
ஒரு வியாழன்.
நான் எழவில்லை. எழுந்தால் அது நின்றுவிடும்.
கதவு திறந்துதான் இருக்கிறது என்று கத்தினேன்.
வீட்டுக்காரி உள்ளே வந்தார்,
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட
முழுக் கதையையும் நின்றுகொண்டே கேட்டார்.
ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொன்னார்.
கண்ணாடியை மாட்டி
பதினொன்றை விரலால் தடவிப் படித்தார்.
"ஆணி என்றுதான் எழுதியிருக்கிறேன்.
திருகாணி என்று எழுதவில்லையே."

திருகாணிக்குள்ளும் ஆணி இருக்கிறதே என்றான் லாக்லன்.
இவன் வாயை வைத்துக்கொண்டு
எந்த வீட்டில்தான் குடியிருப்பது.

"அடிக்கத்தான் கூடாது, தம்பி," என்றார் அவர்.
"இதைத் திருகத்தானே போகிறாய்?"

நாலங்குலத்தில் ஒன்று.
அந்த வியாழன் ஓடியது. அடுத்ததும்.
வீட்டைக் காலி செய்யும் நாளில்
கடிகாரம் எங்களோடு வரும்,
ஓட்டை அவரோடு இருக்கும்.

நேற்று கடைக்குப் போய்த் திரும்பினால்
லாக்லன் அதன் முன் தரையில் உட்கார்ந்திருக்கிறான்,
பட்டாணிக் கிண்ணத்தோடு.
முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.
சாயவில்லை, சும்மா, என்றான்.

முக்கால் மணிக்கு உள்ளே தொண்டை செருமியது.

தள்ளி உட்கார் என்றேன்.