மேசையை அசைக்காதே

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.
ஒரு முழு நாள், ஆறு நொடி.
இந்தக் கணக்கில்தான் ஜனவரியிலிருந்து
எங்கள் சமையலறை ஓடுகிறது.

முதலில் ஆணி. உப்புத் தண்ணீரில்
மூன்று வாரம் கிடந்து காவி பூத்தது.
அடுத்து, பால்கனி வாளியில் உறையும் தண்ணீர்:
விளிம்பிலிருந்து உள்ளே, ஊசி ஊசியாய்,
கடைசியில் நடுவே ஒரு திமில் எழும்பி
வாளியே விரிந்துபோனது.
குளியலறைச் சோப்பு காய்ந்து வெடித்ததை எடுத்தது வீண்.
சோப்புக்கு நடிக்கத் தெரியவில்லை.

இப்போது உருளைக்கிழங்கு.
தார்த்து சந்தையில், ஹில்யாவின் கடையில்,
மூன்று கண்ணாவது இருக்கவேண்டும் என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"சமைக்கவா, கல்யாணம் பண்ணிக்கொள்ளவா?" என்றாள்.

அன்னெலின் குடியிருப்பு, ஐந்தாம் மாடி.
இருப்பது ஒரே மேசை.
அதில்தான் சாப்பாடு, கட்டண ரசீதுகள்,
அதில்தான் கேமராவின் குட்டி முக்காலி,
ஒவ்வொரு காலையும் சுற்றி நீல ஒட்டுநாடா.
இரவும் பகலும் அணையாத சின்ன விளக்கு.
சுவரில் ஒரு சீட்டு: மேசையை அசைக்காதே.
வாம்போலா படித்தான், தலையாட்டினான்,
தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.
இருபது வருடமாக அவன் அப்படித்தான்.
சொன்னதைக் கேட்பான்.
சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டான்.

இருபதாம் நாள் ஓட்டிப் பார்த்தேன்.
முளை சும்மா நீளவில்லை.
இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல
இடமும் வலமும் துழாவுகிறது,
ஒரு சுற்றுச் சுற்றி
ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிறது,
அப்புறம் ஒரே அவசரம்.
பின்னால் வானம் வெளுக்கிறது, அணைகிறது, வெளுக்கிறது.

பத்தொன்பதாம் இரவில் ஒரு மினுக்கல்.
கண்ணில் தூசி பட்டதுபோல, ஒரு நொடிகூட இல்லை.
மின்சாரம் துடித்திருக்கும், வெட்டிவிடலாம் என்று
படம் படமாக நகர்த்தினேன்.

கிழங்குக்குப் பின்னால் வாம்போலா.
குவியம் கிழங்கின் மேல். அவன் வெறும் கலங்கல்,
சாம்பல் ஸ்வெட்டர்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு கைகள்.
அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.
ஆறாவதில் அவன் முன்னே ஒரு வெள்ளைத் தாள்.
ஒன்பதாவதில் தாள் இல்லை.
பதினேழு படங்கள். மறுபடியும் எண்ணினேன்.
மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு.

பக்கத்து அறையில் நான் நன்றாகத் தூங்கிய இரவு அது.
காலையில் எழுந்து முதலில் பார்த்தது
கிழங்கை.

அந்தப் பதினேழு படத்திலும் கிழங்கு
மயிரிழைகூட நகரவில்லை.
முளையின் நுனி அதன் வழக்கமான துழாவலைத் தவிர
வேறெதற்கும் நடுங்கவில்லை.
முழங்கை ஊன்றாமல்
ஒரு மனிதன் அங்கே அழுதிருக்கிறான்.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது,
உன்னைப் படம் பிடித்துவிட்டேன் என்றா?
எமாயகி ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டதாம் என்றான்.
ஆமாம் என்றேன்.

இருபத்து மூன்றாம் இரவு
படுக்கையில் அவன் பக்கம் குளிர்ந்து கிடந்தது.
எழுந்து போனேன்.
விளக்கு. கிழங்கு. சாம்பல் ஸ்வெட்டர்.
எதிரே நாற்காலியை இழுத்ததும்
கண்ணால் அந்தச் சீட்டைக் காட்டினான், பாவி.

இரண்டு முழங்கைகளையும்
மேசைமேல் தொப்பென்று ஊன்றினேன்.

வீடியோவில் அந்த இடம் குதிக்கும்.
முளை திடுக்கிட்டுத் தள்ளி நிற்கும்,
அதன்பின் சட்டகம் நேராகவே இல்லை.
பார்ப்பவர்கள் பிழை என்பார்கள்.
சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது, தெரியும்.

குதித்த இடத்திலிருந்து இருபத்தாறு படம்
கிழங்குக்குப் பின்னால் இரண்டு கலங்கல்.
ஒரு நொடிக்குச் சற்றே மேல்.
அதற்குள் விடிந்துவிடுகிறது.